தொலையாத டப்பா

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அசானுமா அவர்களுக்கு, ஷிமோகானெ ஊரிலிருந்து குசகாபே நொபோரு தலைதாழ்த்தி எழுதிக்கொள்வது.

செவ்வந்தி மணக்கும் இந்த நாட்களில் தாங்களும் சம்பந்தியம்மாளும், மாப்பிள்ளையும், நம் பேத்தியும் குறைவில்லாத சுகத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டொயாமாவில் இதற்குள் கடற்காற்று கடிக்கத் தொடங்கியிருக்கும், தங்கள் முழங்காலைக் கவனித்துக்கொள்ளவும். தங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கத் தலைவராகத் தங்களையே இந்த ஆண்டும் தேர்ந்தெடுத்திருப்பதாக அறிந்து மகிழ்ந்தேன். தாங்கள் அனுப்பிய பேரிக்காய்க் கூடை பத்திரமாக வந்து சேர்ந்தது. இங்கே நானும் நலமே. நலமே என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதிவிட்டேன். உண்மை என்னவென்றால், பேரிக்காயைத் தோல் சீவித் தர ஆளில்லாமல் அப்படியே கடித்துத் தின்றுகொண்டிருக்கிறேன், ஏனென்றால் சீவித் தருகிற என் மனைவி கினுயே தங்கள் வீட்டில் இருக்கிறாள்.

பேத்தியைப் பார்க்க வந்ததாகத்தான் தங்களிடம் சொல்லியிருப்பாள். அது பொய் இல்லை. ஆனால் அவள் கிளம்பிய விதம் தங்களுக்குத் தெரியாது. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவளோ ஒரு வேளைக்கு ஒன்றாகச் சோற்றைப் பொட்டலம் கட்டி, ஃபிரீசரில் அடுக்கி, என் காலுறைகளை ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, "கொஞ்ச நாள் இருந்துட்டு வரேங்க" என்று சொல்லி வாசலில் முறையாகக் குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பொட்டலங்கள் தீரும்போது வந்துவிடுவாள் என்று நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன், பிறகு பயந்துபோய் அரை வயிறாகச் சாப்பிட ஆரம்பித்தேன். கடைசிப் பொட்டலத்தை நேற்றுப் பிரித்தாயிற்று. அவள் வரவில்லை. மகள் சுமிரேயைப் போனில் கூப்பிட்டால், "அம்மா நல்லா இருக்காங்கப்பா" என்பதற்கு மேல் ஒரு சொல் பெயரவில்லை. ஆகவே வெட்கத்தை விட்டுத் தங்களிடம் வருகிறேன். அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பிவைக்கத் தங்களால்தான் முடியும். அதற்கு முன், நடந்ததை என் வாயால் கேட்டுவிடுங்கள்.

எங்கள் தெருப் பூங்கா தங்களுக்குத் தெரியும், பேத்தி மூக்கை இடித்துக்கொண்ட அந்த யானைச் சறுக்குமரம் உள்ள பூங்காதான். ஒரு ஜிங்கோ மரம், இரண்டு பெஞ்சு, ஓரத்தில் ஊற்றுநீர் ஓடும் நீளமான பழைய கல்தொட்டி, அவ்வளவுதான் அது. குடிநீர்க் குழாய்களில் கசிவு கண்டுபிடிக்கும் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் என்னைப் பூங்காத் தூய்மைக் குழுவின் தலைவராக்கினார்கள். என் பேச்சைக் கேட்க வேறு ஆளில்லை என்பதால் குழுவினரிடம் நிறையப் பேசினேன். தரையில் கிடப்பது குப்பை இல்லையென்றால் அது யாரோ தொலைத்த பொருள், தொலைத்த பொருள் என்றால் அது காவல் சாவடிக்குப் போயாக வேண்டும், இதில் யோசிக்க இடமில்லை என்று அவர்களுக்குப் பாடம் எடுத்தேன். ஒற்றைக் கையுறை, குடைக்கம்பி, ஒரு குழந்தையின் பால்பல், எல்லாவற்றையும் ஒப்படைத்திருக்கிறோம். நம் ஊர் ஒழுங்கு அப்படி, தாங்கள் அறியாததா.

இந்த வசந்தத்தில், கல்தொட்டிக்குப் பின்னால் சுவரோரச் சந்தில் ஒரு டப்பா கண்ணில் பட்டது. சாப்பாட்டு டப்பா அளவு, இறுக்கமான மூடி, வெளியே பழுப்புத் துணி சுற்றியிருந்தது. உள்ளே முன்பின் தெரியாதவர்கள் பெயர் எழுதிய சின்ன நோட்டு, ரப்பர் தவளை, கோலிக்குண்டு, ஒரு சட்டைப் பொத்தான். எடுத்துக்கொண்டு நேரே தெருமுனைச் சாவடிக்குப் போனேன். அங்கே ஹனெதா என்று ஓர் இளம் காவலர், தங்கமான பிள்ளை.

"ஐயா, இது தொலைஞ்சதா, இல்ல யாராவது வச்சதா?" என்று கேட்டார்.

"தம்பி, தவளையையும் பொத்தானையும் டப்பாவுல போட்டு யாராவது கல்லுக்குப் பின்னால வைப்பாங்களா? பாவம், யாரோ பெரிய மனக்குழப்பத்துல தொலைச்சிருக்காங்க."

அவர் எழுதிக்கொண்டார். சில நாளில் என்னைக் கூப்பிட்டு, உரியவர் வந்து வாங்கிப் போய்விட்டார், பெயர் சொல்ல விரும்பவில்லை, கண்டெடுத்தவருக்கு நன்றியாக இதைக் கொடுக்கச் சொன்னார் என்று ஒரு பொட்டலத்தை நீட்டினார். பிரித்தால் யோகான், அந்தப் பயறு இனிப்பு. வீட்டுக்குக் கொண்டுவந்தேன், கினுயே தேநீர் போட்டு, துண்டு போட்டுத் தட்டில் வைத்தாள். ஒரு வாய் வைத்ததும் எனக்குத் தாங்கவில்லை. "பாத்தியா, இதுதான் யோகான். நீ வாங்கிட்டு வர்றியே, அது ரப்பர். அந்த ஆளு யாரோ தெரியல, ஆனா நல்ல ரசனை உள்ளவரு" என்றேன். "அப்படியா" என்றாள் அவள், "இன்னொரு துண்டு வெட்டட்டுமா?"

அடுத்த மாதம் அதே சந்தில் அதே டப்பா. மறுபடி சாவடி, மறுபடி யோகான், இந்தத் தடவை உள்ளே கஷ்கொட்டை வேறு. மழைக்காலத்தில் இன்னொரு முறை, வெயில் காலத்தில் இன்னொரு முறை. "இவ்வளவு மறதிக்காரங்களை நான் பாத்ததே இல்ல" என்று நான் அனுதாபப்படுவேன், கினுயே தேநீர் ஊற்றுவாள். சம்பந்தி, அந்த இனிப்பை வாங்கியதும் அவள், சாவடிக்குச் சுமந்து போனதும் அவள், நான் அதைத் திருப்பிச் சுமந்து வந்து அவளுக்கே கொடுத்து, அவள் வாங்கி வரும் இனிப்பை அவளிடமே பழித்திருக்கிறேன் என்பதை இப்போது எழுதும்போதுகூடக் காது சூடாகிறது. ஒரு தடவையாவது அவள் முகத்தில் ஒரு கோணல் தெரிந்திருக்க வேண்டுமே, இல்லை. அப்படி ஒரு நெஞ்சுரம் எனக்கு எந்த ஜென்மத்திலும் வராது.

இதற்கிடையே பூங்காவில் புது ஆட்கள் நடமாட்டம். கோட்டு சூட்டு போட்ட ஒருவர் தொட்டிக்கு அருகே உட்கார்ந்து வெகுநேரம் ஷூக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார், அவர் காலில் இருந்ததோ கயிறில்லாத ஷூ. பிறகு ஒரு நாள் ஹமமாட்ஸுவிலிருந்து நடுவயதுத் தம்பதி, கையில் போனை ஏந்திக்கொண்டு முன்னால் இரண்டடி, பின்னால் ஓரடி என்று நடந்தார்கள். துடைப்பத்தோடு போய் வழிமறித்தேன்.

"என்ன தேடுறீங்க?"

"சும்மா, காத்து வாங்க வந்தோம்" என்றார் கணவர்.

"கல்தொட்டிக்குப் பின்னாலயா காத்து வருது?"

அந்தம்மாள் சிரித்துவிட்டார். "விட்டுடுங்க, பிடிபட்டாச்சு" என்று கணவரிடம் சொல்லிவிட்டு எனக்கு விளக்கினார். ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டாம். ஒருவர் டப்பாவை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் எண்களை இணையத்தில் போட, மற்றவர்கள் செயற்கைக்கோளின் துணையோடு தேடி வந்து, நோட்டில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டுப் போக வேண்டுமாம். ஆட்டத்தில் இல்லாதவர்கள் பார்த்துவிடக் கூடாதாம். "இங்க ரெண்டு தடவை வந்து ஏமாந்து போனோம். யாரோ டப்பாவை அடிக்கடி எடுத்துட்டுப் போயிடறாங்களாம்" என்றார் வருத்தத்தோடு. நான் துடைப்பத்தைக் கொஞ்சம் ஆராய்ந்தேன். இவ்வளவு தூரம் ரயிலேறி வந்து, டப்பாவைத் தொட்டு, பெயர் எழுதி, பச்சைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் அதைத் திரும்பச் சந்தில் வைத்துவிட்டு, போகும்போது பூங்காவில் கிடந்த காகிதங்களைப் பொறுக்கித் தங்கள் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். எங்கள் பூங்காக் குப்பையை ஹமமாட்ஸுவுக்கு எடுத்துப் போனார்கள்! என் குழுவில் இப்படி இரண்டு பேர் இருந்தால் நான் எப்போதோ ஊர்த் தலைவராகியிருப்பேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் தலைவர் பதவி என்று ஒன்று தலையில் ஏறிவிட்டதே. ஆட்டம் நல்ல ஆட்டம்தான், ஆனால் சங்கத்திடம் அனுமதி வாங்காத டப்பா ஆயிற்றே என்று, டப்பாவைக் கைப்பற்றி, உரியவர் அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் எழுந்து வர வேண்டும் என ஓர் அறிவிப்பு எழுதி, வீடு வீடாகச் சுற்றி வரும் அட்டையில் செருகினேன். வழக்கப்படி, படித்தாயிற்று என்று எங்கள் வீட்டு முத்திரையைக் குத்தி அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டு போனது யார் என்று நினைக்கிறீர்கள்? கினுயேதான். செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள், "ஆளு யாருன்னு தெரிஞ்சா என்ன செய்வீங்க?"

"என்ன செய்யறது, எல்லார் முன்னாலயும் குனிஞ்சு மன்னிப்புக் கேக்கணும். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"சரி" என்றாள். தன்னைப் பிடிக்க வந்த ஆணையைத் தானே சுமந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

கூட்டத்தில் நான் டப்பாவை மேசைமேல் வைத்து, கசிவு ஆய்வுக்கு நிற்கிற தோரணையில் நின்று பேசினேன். "கல்லு நிறத்துக்கே துணி சுத்தியிருக்கான் பாருங்க, கைதேர்ந்த ஆளு. ஓரத்துல குட்டிக் குட்டியா மஞ்சள் வாத்து வேற." அப்போது முன்வரிசையில் இருந்த அடுத்த வீட்டு ஒகாத்தா அம்மாள் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "தலைவரே, அது உங்க டை இல்ல? வேலையை விட்டு வந்த அன்னிக்குக் கட்டியிருந்தீங்களே, வாத்து போட்ட டை?" என்றார். நான் இரண்டு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த டை. அதை எத்தனை முறை கையில் ஏந்திக்கொண்டு காவல் சாவடிக்கு நடந்திருக்கிறேன்! கசிவு கண்டுபிடிக்கிற கண் என்று பெயர் வாங்கியவன் நான். கடைசி வரிசையிலிருந்து கினுயே எழுந்து வந்தாள். "அது என்னோட டப்பாங்க. எல்லாருக்கும் தொந்தரவு குடுத்துட்டேன், மன்னிச்சுக்கணும்" என்று இடுப்பு வளையக் குனிந்து, நிமிர்ந்து, என்னைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள். முறை என்று நான் சொன்னபடியே செய்தாள், ஒரு மயிரிழை குறையில்லை. மறுநாள் காலை தங்கள் ஊர் ரயில்.

தனியாக இருந்த வீட்டில், சுமிரே போனில் ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லித் தர, அவள் எழுதிய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சம்பந்தி, எங்கள் கல்தொட்டி அந்தக் காலத்துப் பிரபுவின் குதிரை தண்ணீர் குடித்த தொட்டி என்று சங்கத்துப் பலகை சொல்கிறது, அந்த எழுத்துக்கு வண்ணம் பூசியவனே நான். கினுயே எழுதியிருப்பது வேறு. பூங்கா இருக்கும் இடம் ஒரு பட்டுநூல் ஆலையின் பின்கட்டாம். கொதிக்கிற தண்ணீரில் கிடக்கும் பட்டுக்கூடுகளிலிருந்து விரலால் நூல்முனை எடுக்கிற பெண்பிள்ளைகள், சங்கு ஊதியதும் ஓடி வந்து வரிசையாக நின்று, வெந்த கைகளை இந்த ஊற்றுநீரில் அமிழ்த்துவார்களாம். தொட்டியின் விளிம்பு நெடுக ஜோடி ஜோடியாகத் தேய்ந்திருக்கும் பள்ளங்கள் அவர்கள் முன்கைகளை வைத்து வைத்துத் தேய்ந்தவை. அவள் பூ அலங்கார வகுப்புக்குப் போவதாக நான் நினைத்திருந்த நாட்களில் நகர நூலகத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் தேடியிருக்கிறாள். பக்கத்தின் கடைசியில், "டப்பாவைத் தேடும் முன், பள்ளங்களில் உங்கள் கைகளை வையுங்கள். சுவரோரமாக உள்ள கடைசி ஜோடியில் கை வைத்தவருக்கு டப்பா தெரியும்" என்று எழுதியிருக்கிறாள். கீழே யார் யாரோ நன்றி சொல்லியிருக்கிறார்கள். கை வைத்ததும் அழுதுவிட்டேன் என்று ஒருவர். இதுவரை கால் வைத்திராத இந்த ஊரை உங்களால் பார்த்தேன் என்று ஒருவர். இப்படி அவள் ஒளித்து வைத்தவை மலையடிவாரத்தில், பழைய ரயிலடியில், இன்னும் எங்கெங்கோ இருக்கின்றன.

விடிந்ததும் போய்க் கை வைத்துப் பார்த்தேன். அந்த விளிம்பை வாரம் தவறாமல் பிரஷ் போட்டுத் தேய்த்தவன் நான், குதிரை தாடையை உரசித் தேய்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் சில்லென்று முழங்கை வரை ஏறியது. பள்ளங்கள் என் கைக்குச் சின்னதாக இருந்தன. குழந்தைக் கைகள், சம்பந்தி. கொஞ்ச நேரம் என்னால் கையை எடுக்க முடியவில்லை. இவ்வளவும் தெரிந்த ஒருத்தி என் எதிரே உட்கார்ந்து எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், நான் அவளிடம் யோகானைப் பற்றிப் பேசியிருக்கிறேன். உண்மையைச் சொல்கிறேன், என் மனைவியைப் போல் ஒருவரை நான் வேறெங்காவது பார்த்திருந்தால் தேடிப் போய் வணங்கியிருப்பேன்.

மன்னிப்புக் கேட்க வாய் வராத குடும்பம் எங்களுடையது. ஆகவே அவள் வழியிலேயே கேட்டேன். என்னிடம் மிச்சமிருந்த நல்ல டையைச் சுற்றி ஒரு டப்பா செய்து, உள்ளே ஒரு காகிதம் எழுதி வைத்து, அதே சந்தில் ஒளித்தேன். எண்களை மட்டும் சுமிரே மூலம் அனுப்பினேன். "வேற ஒண்ணும் சொல்லலையாப்பா?" என்றாள் மகள். "அவளுக்குப் புரியும்" என்றேன். புரிந்ததா இல்லையா தெரியவில்லை, பதில் இல்லை. ஆகையால், சாப்பாட்டு நேரத்தில் தற்செயலாகச் சொல்வதுபோல், ஷிமோகானெயில் ஜிங்கோ இலை பழுத்துவிட்டதாம், போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று தாங்கள் ஒரு வார்த்தை போட வேண்டும். நான் கேட்டதாகத் தெரியக் கூடாது. அவள் வராவிட்டால் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். பேத்தியின் மூக்கு நேராக வளர வாழ்த்துக்கள். பனி விழுமுன் தங்கள் இல்லத்தில் எல்லா நலமும் வந்து நிறையட்டும்.

தங்கள் பணிவுள்ள,
குசகாபே நொபோரு

பி.கு.: இதை எழுதி, தபால்தலை ஒட்டி, பெட்டியில் போடுவதற்கு முன் பூங்காவை எட்டிப் பார்த்தேன். சந்தில் டப்பா இல்லை. கினுயே வந்து எடுத்துவிட்டாள் என்று என் இருதயம் ஒரு துள்ளு துள்ளியது. அதற்குள் ஒகாத்தா அம்மாள் துடைப்பத்தோடு ஓடி வந்து, "தலைவரே, இன்னொருத்தன் வேற டப்பா வச்சிட்டுப் போயிருக்கான்! நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே உடனே சாவடியில ஒப்படைச்சுட்டேன்" என்றார். பாராட்டுக்குக் காத்து நின்றார், பாராட்டினேன். சாவடிக்கு ஓடினேன்.

"உங்களுதுதானா? அப்ப உள்ள என்ன இருக்குன்னு சொல்லணுமே ஐயா, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார் ஹனெதா.

"ஒரு காகிதம்."

"காகிதத்துல என்ன?"

"குதிரை இல்ல, பெண்பிள்ளைங்கதான். நீ எழுதினதுதான் சரி. பலகையை நான் மாத்தி எழுதறேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றேன், வெட்கத்தில்.

"கடைசி வரியை விட்டுட்டீங்களே" என்று தடுப்புக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். விசிப்பலகையில் கினுயே, மடியில் டொயாமா ரயிலடியில் வாங்கிய மீன்சோற்றுப் பெட்டி. முதல் ரயிலில் வந்து, சந்து காலியாக இருப்பதைப் பார்த்து, அந்தச் சந்தில் வைத்ததெல்லாம் எங்கே போகும் என்று தெரிந்தவளாகையால் நேரே சாவடிக்கு வந்து, எனக்கு முன்னாலேயே டப்பாவைக் கேட்டு வாங்கி, காகிதத்தைப் படித்தும் விட்டிருக்கிறாள். "சொல்லி முடிங்க, காவலர் எழுதணும்ல?"

"வீட்டுக்கு வா" என்றேன். ஹனெதா தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார்.

ஆகவே மேலே கேட்டுக்கொண்டது எதையும் தாங்கள் செய்ய வேண்டியதில்லை. அவள் இல்லாதது தங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். தபால்தலை ஒட்டியாகிவிட்டதே என்று அனுப்புகிறேன். நன்றி சொல்லும் முறைப்படி இனி நான் ஒகாத்தா அம்மாளுக்கு யோகான் வாங்கித் தர வேண்டும், கடையைக் கினுயே காட்டித் தருகிறாளாம். இன்னொன்று: கிளம்புவதற்கு முன் தங்கள் வீட்டெதிர்ப் பூங்காவில், மீன்வலை கட்டுகிற பழைய கல்லுக்குப் பின்னால், ஒரு டப்பா வைத்துவிட்டு வந்திருக்கிறாளாம். தாங்களும் என்னைப் போலவே ஒழுங்கு தவறாதவர் என்பதால் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், அதைக் கொண்டுபோய்க் காவல் சாவடியில் ஒப்படைத்துவிடாதீர்கள்.